‘பேங்க்’, ‘ஸ்பிரிங்’: தொடர்பில்லாத இரண்டு ஆங்கிலச் சொற்களின் பல பொருள்களை ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பல பொருள் இருப்பதைத் தெரிந்துகொள்வது எளிது. இரண்டு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றின் பொருள்களும் எப்படிக் கிளைத்திருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கடினம். இந்தப் பயிற்சியில் உட்காரும் புதியவர்களில் பெரும்பாலோர் நேராக அகராதியைத் திறக்கிறார்கள். இரண்டு பட்டியல்களைப் படியெடுக்கிறார்கள். ‘இதற்குப் பதினெட்டு, அதற்குப் பதினொன்று’ என்று எண்ணி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அந்த எண்கள் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. இந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவா, அல்லது ஒரே எழுத்துக்கூட்டலில் தற்செயலாக வந்து குடியேறியவையா என்பதுதான் தேட வேண்டிய விஷயம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும், முடிவும் கோணலாகும். ஆகவே படிகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வகை அகராதி வேண்டும். ஒன்று, ஆங்கிலம் கற்பவர்களுக்காக எழுதப்பட்டது. மற்றொன்று, சொல் எங்கிருந்து வந்தது என்று வேர் சொல்வது. ஒரே வகையில் இரண்டு வாங்கி வைப்பதில் பயனில்லை. முதல் வகை இன்று எது அதிகமாகப் புழங்குகிறது என்று காட்டும், இரண்டாவது எது முதலில் வந்தது என்று காட்டும். இரண்டு கேள்விகளும் வேறு.

அடுத்தது, உண்மையான வாக்கியங்கள் கிடைக்கும் ஓர் இடம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் போன்ற தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது, அதில் சுமார் 10 கோடி சொற்கள் அளவுக்கு எழுத்தும் பேச்சும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் பல வகையான ஆங்கிலச் செய்திகள், கதைகள், கையேடுகள் போதும். ‘பல வகையான’ என்பதை விட்டுவிடாதீர்கள். பொருளாதாரச் செய்தியை மட்டும் புரட்டினால் ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று தோன்றிவிடும்.

மூன்றாவது, சின்னச் சின்னத் துண்டு அட்டைகள். ஸ்பிரெட்ஷீட்டிலும் செய்யலாம். ஆனால் முதல் தடவை அட்டையில் செய்யச் சொல்வேன். பின்னால் இவற்றைப் பலமுறை இடம் மாற்ற வேண்டியிருக்கும். கையால் நகர்த்தும்போது ஏன் நகர்த்துகிறோம் என்று மனசு ஒரு நொடி நின்று கேட்கும்.

2. சொல் ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு சொற்களும் அன்றாடப் பேச்சில் வர வேண்டும், இரண்டும் பெயராகவும் வினையாகவும் வர வேண்டும், அகராதியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு ஓட வேண்டும். ‘செட்’ போல அகராதியில் பக்கம் பக்கமாக நீளும் சொல்லை ‘ஸ்பூன்’ பக்கத்தில் வைத்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

பொருளிலும் இரண்டுக்கும் உறவு இருக்கக் கூடாது. இது பலருக்கு விநோதமாகப் படுகிறது. காரணம் இதுதான்: ‘லுக்’, ‘சீ’ போல நெருக்கமான இரண்டை எடுத்தால் உங்கள் கவனம் முழுவதும் அவற்றின் நுண்ணிய வேறுபாட்டில் போய்விடும். ஒரு சொல்லுக்குள் பொருள்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதைக் கவனிக்க மறந்துவிடுவீர்கள்.

இந்த வழிகாட்டியில் ‘பேங்க்’, ‘ஸ்பிரிங்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சிதறிக் கிடக்கும். உள்ளே போனால் நேர் எதிராக இருக்கும்.

3. அகராதியைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதுவது

இந்தப் படிக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டதும் மனதில் வரும் பொருள்களை, வந்த வரிசையிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒன்று நடக்கும். ‘ஸ்பிரிங்’ என்றதும் முதலில் வருவது சுருள் கம்பிதான், பேனாவுக்குள் இருக்குமே, அது. ‘பேங்க்’ என்றதும் பணம் போடும் இடம். ஏனென்றால் தமிழுக்குள் இந்தச் சொற்கள் வந்தபோது ஒரே ஒரு பொருளைத்தான் சுமந்து வந்தன. வசந்த காலத்தை யாரும் தமிழில் ‘ஸ்பிரிங்’ என்பதில்லை, ஆற்றங்கரையை ‘பேங்க்’ என்பதில்லை. கடன்சொல் பெரும்பாலும் இப்படித்தான், வீட்டை விட்டு வரும்போது ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு வரும்.

இந்தத் தாளை முதலிலேயே எழுதி வைப்பது எதற்கென்றால், உங்கள் சாய்வு எங்கே என்று பின்னால் தெரிய வேண்டும். சுருள் கம்பிதான் மூலப்பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டே வேலை செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரையும் படம் கடைசிவரை நேராகாது.

4. வாக்கியங்களைச் சேர்ப்பது

ஒவ்வொரு சொல்லுக்கும் குறைந்தது ஐம்பது வாக்கியம். தேர்ந்தெடுத்து எடுக்காதீர்கள், கிடைக்கிற வரிசையிலேயே எடுங்கள். சுவையானதைப் பொறுக்கினால் அபூர்வமான பொருள்கள் எல்லாம் அன்றாடம் போலத் தெரியும்.

ஒரு வாக்கியத்துக்கு ஓர் அட்டை. அதன் பின்பக்கத்தில், அந்த இடத்தில் அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். ‘கரை’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல் ‘ஆற்றின் ஓரத்தில் சரிவான மண்’ என்று விளக்கமாக எழுதுங்கள். ஒற்றைச் சொல் எழுதினால் தமிழ்ச் சொல்லின் பல பொருள்களும் உள்ளே புகுந்துவிடும். ‘கரை’யையே பாருங்கள், நீரின் ஓரமும் அதுதான், உப்பைத் தண்ணீரில் கரைக்கும் வினையும் அதுதான்.

அகராதிக்கு முன்னால் வாக்கியங்கள் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அகராதியை முதலில் படித்துவிட்டால், அதன் எண்ணிட்ட பெட்டிகளுக்குள் வாக்கியங்களைத் தள்ள ஆரம்பித்துவிடுவோம். எந்தப் பெட்டியிலும் சேராத வாக்கியம் கண்ணிலேயே படாது.

5. இப்போது அகராதி: எண்களை எப்படி வாசிப்பது

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

அகராதியில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். தலைச்சொல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் சின்ன எண் ஒன்று, அதற்குக் கீழே பொருள்களை வரிசையிடும் எண் மற்றொன்று. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளின் வழக்கத்தில் பொதுவாகத் தோள் எண் மாறினால் சொல்லின் வேரே வேறு என்று அர்த்தம். மெரியம்-வெப்ஸ்டரில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, அங்கே பெயருக்கு ஓர் எண், வினைக்கு இன்னோர் எண் என்று ஒரே வேர் உள்ளவற்றையும் பிரித்து வைப்பார்கள். இது தெரியாமல் தோள் எண்களை எண்ணினால் ஒரே சொல்லை இரண்டு மூன்று சொல்லாகக் கணக்கிடுவீர்கள்.

பொருள்களின் வரிசையும் அப்படியே. வரலாற்று அகராதியில் முதலாவது என்றால் பழையது. கற்பவர்களுக்கான அகராதியில் முதலாவது என்றால் அதிகம் புழங்குவது. ‘அகராதி இதைத்தான் முதலில் போட்டிருக்கிறது, ஆகவே இதுதான் முக்கியப் பொருள்’ என்று எழுதும் முன், அந்த அகராதியின் முன்னுரையை ஒருமுறை படியுங்கள். வரிசை எதன்படி என்று அதில் சொல்லியிருப்பார்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்ற சொற்றொகுப்பு ‘பேங்க்’ பெயருக்கு 10, வினைக்கு 8, ‘ஸ்பிரிங்’ பெயருக்கு 6, வினைக்கு 5 பொருள் தருகிறது. கூட்டினால் 18, 11. ஆனால் அந்தப் பத்துக்குள் பணம் கையாளும் நிறுவனம் ஒன்று, அந்த நிறுவனம் இயங்கும் கட்டடம் ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. வேறோர் அகராதி இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிவிடும். வேர்ட்நெட் வேரைப் பார்த்துப் பிரிப்பதும் இல்லை, ஆற்றங்கரையும் பணமும் அடுத்தடுத்து ஒரே பட்டியலில் வரும். ஆகவே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

6. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது

அட்டைகளைக் குவியல்களாகப் பிரிக்கும் நேரம். இரண்டு அட்டைகள் ஒரே குவியலா, வேறா என்று சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள் உண்டு.

முதல் சோதனையை நான் சிலேடைச் சோதனை என்று சொல்வேன். இரண்டு பொருளையும் ஒரே வாக்கியத்தில், சொல்லை ஒரே தடவை மட்டும் பயன்படுத்திக் கோர்த்துப் பாருங்கள். சிலேடை போலவோ விடுகதை போலவோ ஒலித்தால் இரண்டு குவியல், இயல்பாக ஓடினால் ஒன்று. தமிழில் ‘கடலைத் தேடிப் போவதும் ஆறு, ஐந்தை அடுத்து வருவதும் ஆறு’ என்றால் கேட்கிறவர் விடுகதை என்று புரிந்துகொள்வார். அதே மாதிரி ‘அந்த பேங்க் செங்குத்தாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறப்பதில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டவே ஒட்டாது. ஆனால் ‘அந்த பேங்க் தெருமுனையில் இருக்கிறது, கடனுக்கு வட்டியும் குறைவு’ என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தெருமுனையில் இருப்பது கட்டடம், வட்டி வாங்குவது நிறுவனம். இருந்தும் வாக்கியம் தடுக்கவில்லை. இந்தப் பயிற்சிக்கு இவை இரண்டும் ஒரே குவியல் போதும்.

இரண்டாவது சோதனை, கூட வரும் சொற்கள். ஊற்றான ‘ஸ்பிரிங்’குடன் வெந்நீர், பாறை, மலை வரும். சுருள்வில்லுடன் இறுக்கம், அழுத்தம், எஃகு வரும். பருவத்துடன் மாதப் பெயரும் பூவும் வரும். இரண்டு அட்டைகளில் கூட வரும் சொற்கள் கொஞ்சம்கூடக் கலக்கவில்லை என்றால் பெரும்பாலும் குவியல் வேறு.

மூன்றாவது, பிறந்த சொற்கள். ‘பேங்க்கர்’ என்ற சொல் பணத்தின் பக்கமிருந்து வந்தது, ‘எம்பேங்க்மென்ட்’ மண்மேட்டின் பக்கமிருந்து வந்தது. இந்தக் கிளையின் வாரிசு அந்தக் கிளைக்குப் போவதில்லை.

தமிழில் மொழிபெயர்த்துப் பார்ப்பதை நாலாவது சோதனையாகச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். குறிப்பாகப் பயன்படும், தீர்ப்பாகப் பயன்படாது. ஆறு, ஏரி, கடல் எல்லாவற்றின் ஓரத்துக்கும் நாம் ‘கரை’ என்கிறோம். ஆங்கிலம் அதையே பேங்க், ஷோர், கோஸ்ட் என்று பிரிக்கும். நம்மிடம் ஒரு சொல் இருப்பதால் அவர்களிடமும் ஒரே பொருள்தான் என்று ஆகாது. தலைகீழாகவும் அப்படித்தான்.

இந்தப் படியில் மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சிலேடைச் சோதனை ‘பொருள் வேறு’ என்று மட்டும்தான் சொல்லும், ‘சொல் வேறு’ என்று சொல்லாது. பருவத்தையும் சுருள்வில்லையும் ஒரே ‘ஸ்பிரிங்’கில் கோர்த்தாலும் சிலேடைதான் வரும். அதனால் அவை உறவில்லாத இரண்டு சொற்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உறவு உண்டா இல்லையா என்பதை அடுத்த படிதான் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கும் பிழை.

7. மரம் வரைவது

பெரிய தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வட்டம். ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போட வேண்டுமானால், அம்பின் மேல் ‘ஏன்’ என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். காரணம் எழுத வரவில்லை என்றால் அம்பு கிடையாது. இந்த ஒரு விதி இருந்தால் கற்பனை வேர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

முதலில் ‘பேங்க்’. வேர் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு குவியல்களைப் பார்த்தால், ஒரு மரம் வரைய உட்கார்ந்த நீங்கள் மூன்று மரம் வரைய வேண்டியிருக்கும்.

முதல் மரம் மண்மேடு. இது ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், 1200 வாக்கிலேயே எழுத்தில் இருக்கிறது. மேடு என்பதிலிருந்து ஆற்றின் ஓரம். கடலுக்கடியில் மணல்மேடு. மேடு போலக் குவிந்து நிற்கும் மேகம், பனி. அணையாமல் இரவு முழுக்கக் கனன்றுகொண்டிருக்க நெருப்பின் மேல் சாம்பலைக் குவிப்பதற்கும் இதே சொல்தான் வினையாக வருகிறது, குவிப்பது என்பதுதான் அந்த அம்பின் காரணம். அப்புறம் மேட்டின் சரிவு தனியாகக் கிளம்புகிறது: வளைவில் சாலையின் வெளிப்புறத்தை உயர்த்திப் போடுவது, திரும்பும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாய்வது. ஆற்றங்கரைக்கும் விமானத்துக்கும் நேரடி உறவு தெரியாது. நடுவில் சரிவு என்ற வட்டத்தை வைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது மரம் மேசை. காசு மாற்றுபவர் முன்னால் போட்டிருந்த பலகைக்கு இத்தாலியில் ‘பங்கா’ என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பலகையிலிருந்து அங்கே நடக்கும் தொழில், தொழிலிலிருந்து நிறுவனம். பிறகு ஒரு பெரிய தாவல்: பணம்தான் என்றில்லை, எதைச் சேர்த்து வைத்து வேண்டும்போது எடுத்தாலும் பேங்க்தான். 1937-இல் சிகாகோவின் குக் கவுன்ட்டி மருத்துவமனையில் மருத்துவர் பெர்னார்ட் ஃபான்டஸ் தானம் செய்த ரத்தத்தைச் சேமிக்கும் இடத்துக்கு ‘பிளட் பேங்க்’ என்று பெயர் வைத்தார். போடுவது, எடுப்பது, இருப்பு என்று பணத்தின் கணக்கு முழுவதும் ரத்தத்துக்குப் பொருந்தியது, அதனால்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. தரவு, விதை, உங்கள் பையில் இருக்கும் பவர் பேங்க் எல்லாம் அதே அம்பில் வந்தவை. ஒருவரை நம்பியிருப்பதைச் சொல்லும் ‘பேங்க் ஆன்’ என்ற வழக்கும் இந்த மரம்தான், கையிருப்பு போல அவரை நம்பி இருக்கிறோம்.

மூன்றாவது மரம் சின்னது. துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக உட்காரும் பலகை, அதிலிருந்து வரிசை. இன்று சுவரில் பத்து சுவிட்ச் அடுத்தடுத்து இருந்தால் அதற்கு இந்தச் சொல். வரிசையாக இருக்கும் விளக்குகளுக்கும் லிஃப்ட்களுக்கும் அப்படியே. புதியவர்கள் இதைப் பணத்தின் மரத்தில் ‘சேமிப்பு’ என்ற அம்பில் தொங்கவிடுவார்கள். சுவிட்சுகளை யாரும் சேமித்து வைக்கவில்லை, வரிசையாக வைத்திருக்கிறார்கள். ‘ஏன்’ எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நன்றாகப் படித்த ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: இன்னும் பின்னால் போனால் இந்த மூன்றும் ஒரே பழைய ஜெர்மானியச் சொல்லில் போய்ச் சேர்கின்றனவே? உண்மைதான். இத்தாலிய ‘பங்கா’வே ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனதுதான். ஆகவே எவ்வளவு தூரம் பின்னால் போவது என்று வேலை தொடங்கும்போதே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். என் கோடு: அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வாசல். மூன்று வாசல் வழியாக மூன்று பொருளோடு வந்தால் மூன்று மரம். நீங்கள் வேறு கோடு போடலாம், ஆனால் இரண்டு சொல்லுக்கும் ஒரே கோடுதான் இருக்க வேண்டும்.

இனி ‘ஸ்பிரிங்’. அட்டைக் குவியல்களைப் பார்த்தால் இதுதான் அதிகம் சிதறியது போலத் தெரியும். பருவம், ஊற்று, சுருள் கம்பி, துள்ளல். இவற்றுக்குள் என்ன உறவு இருக்கும்? ஆனால் வேர் அகராதி ஒரே வேரைத்தான் காட்டும். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிங்கன்’ என்றால் துள்ளி எழுவது, பீறிட்டுக் கிளம்புவது. நடுவில் அந்த வினையை வைத்துவிட்டு அம்புகளைப் போடுங்கள். தரையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறது, அது ஊற்று. அமுக்கிய கம்பி விட்டவுடன் துள்ளி எழுகிறது, அது சுருள்வில். கிளையிலிருந்து இலை பீறிட்டுக் கிளம்பும் காலம், அது பருவம்.

பருவத்தின் அம்பை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அந்தப் பருவத்துக்கு ஆங்கிலத்தில் முன்பு வேறு பெயர் இருந்தது, ‘லென்டன்’. கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலத்தின் பெயரான ‘லென்ட்’ அதிலிருந்து மிஞ்சியதுதான். 16-ஆம் நூற்றாண்டில், இலை துளிர்க்கும் நேரம் என்ற பொருளில் ‘ஸ்பிரிங்’ அந்த இடத்தைப் பிடித்தது. இதற்கு இணையாக, இலை விழும் காலத்துக்கு ‘ஃபால்’ என்று பெயர் வந்தது, அமெரிக்கர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழும் இலை, விழும் இலை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு பருவத்தை யாரும் தனிச் சொல்லாக நினைப்பதில்லை.

பருவத்திலிருந்து இன்னோர் அம்பும் கிளம்புகிறது. இறுக்கம் தளர்ந்து புதிதாக ஒன்று தொடங்குவதற்கும் அந்தப் பெயர். 1968-இன் பிராக் வசந்தம், 2011-இல் உச்சத்துக்குப் போன அரபு வசந்தம். தமிழில் ‘வசந்தம்’ என்று மொழிபெயர்த்தது சரியான மரக்கிளையைப் பிடித்ததால்தான்.

8. இரண்டு தாளையும் பக்கத்தில் வைப்பது

இப்போதுதான் ஒப்பிடத் தொடங்குகிறோம். இரண்டு சொல்லிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றிடம் வேரைப் பற்றியும் மற்றொன்றிடம் புழக்கத்தைப் பற்றியும் கேட்டால் அது ஒப்பீடு ஆகாது.

எத்தனை வேர்? ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று. பார்வைக்கு ஒரு சொல்லாகத் தெரிந்தது மூன்று சொல். நாலு சொல்லாகத் தெரிந்தது ஒரே சொல்.

என்ன வடிவம்? ‘ஸ்பிரிங்’ நட்சத்திரம் போல, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் அம்பு போகிறது. நடுப்பொருள் இன்னும் உயிரோடு இருப்பதால் ஓரத்தில் இருப்பதையும் அதை வைத்தே ஊகிக்கலாம். ‘பேங்க்’கின் பண மரம் சங்கிலி போல. பலகை, தொழில், நிறுவனம், சேமிப்பு, நம்பிக்கை என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகிறது, முதல் கண்ணியான பலகையோ இன்றைய பேச்சில் இல்லை. நடுக்கண்ணி தெரியாதவர் கடைசிக் கண்ணியை ஊகிக்க முடியாது.

பெயர் முந்தியா, வினை முந்தியா? இதை நிறைய பேர் தவிர்த்துவிடுகிறார்கள், ஆனால் இலக்கணமே இதில்தான் இருக்கிறது. ‘ஸ்பிரிங்’கில் வினை நடுவில் இருக்கிறது, அது பழைய வினை. அதனால் இறந்தகாலத்தில் உயிரெழுத்து மாறுகிறது: ஸ்ப்ராங், ஸ்ப்ரங். ‘பேங்க்’கில் வினைகள் எல்லாம் பெயரிலிருந்து பின்னால் பிறந்தவை. பெயரிலிருந்து பிறக்கும் வினை ஆங்கிலத்தில் பொதுவாக ஒழுங்கான விகுதியையே எடுத்துக்கொள்ளும், ஆகவே ‘பேங்க்ட்’. பொருளின் வரலாறு இறந்தகால வடிவத்தில் தெரிகிறது.

புதுச் சொல் எப்படிப் பிறக்கிறது? ‘பேங்க்’ தொடரின் பின்பாதியில் உட்கார்ந்து பிள்ளை பெறுகிறது. ரத்தம், உணவு, விதை, கண் என்று எதை முன்னால் வைத்தாலும் கிட்டத்தட்ட எப்போதும் சேமிப்புப் பொருள்தான் வருகிறது. ‘ஸ்பிரிங்’ பெரும்பாலும் முன்பாதியில் உட்காருகிறது, அங்கே பொருள் நிலையாக இல்லை. ஸ்பிரிங் வாட்டர் ஊற்று நீர், ஸ்பிரிங் பேலன்ஸ் சுருள்வில் தராசு, ஸ்பிரிங் ஆனியன் பருவத்தின் பெயர் கொண்ட வெங்காயம். ஒரே இடம், மூன்று பொருள். வாசிப்பவருக்கு எது கடினம் என்று கேட்டால், தொடர்களில் ‘ஸ்பிரிங்’தான் என்பேன். ஒரே வேர் என்பது தெரிந்திருந்தும் ஒவ்வொரு தொடரையும் தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது.

9. தடுக்கி விழும் இடங்கள்

‘ஸ்பிரிங் டைட்’ என்பதை வசந்த கால ஓதம் என்று எழுதியவர்களைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். பருவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் வழக்கத்தைவிட அதிகமாக எழும் ஓதம் அது, ஆண்டு முழுவதும் வரும். எழுவது என்ற நடுப்பொருளிலிருந்து நேராக அம்பு போட வேண்டும்.

பெரிய எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர்களைத் தள்ளிவிடாதீர்கள். அவை பழைய பொருளைப் பாதுகாத்து வைத்திருக்கும். ஜோர்டான் ஆற்றின் மேற்கே உள்ள ‘வெஸ்ட் பேங்க்’ முதல் மரம், நம் செய்தித்தாள்கள் மேற்குக் கரை என்று சரியாகவே எழுதுகின்றன. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊற்று, அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன.

ஒட்டிப்போன சொற்களைப் பொருள் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ‘பேங்க்ரப்ட்’, ‘ஆஃப்ஸ்பிரிங்’ போன்றவை தனித் தலைச்சொற்கள். மரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதி வையுங்கள், அவை வேரை உறுதிப்படுத்தும் சாட்சிகள். ‘பேங்க்ரப்ட்’டுக்கு மூலமான இத்தாலியத் தொடருக்கு உடைந்த பலகை என்று பொருள், பலகையிலிருந்து போட்ட அம்பு சரி என்பதற்கு அதுவே ஆதாரம்.

10. சரிபார்ப்பது

இதுவரை பார்க்காத இருபது வாக்கியங்களைப் புதிதாக எடுங்கள். ஒவ்வொன்றையும் மரத்தில் ஓர் இடத்தில் வையுங்கள். இருபதும் தயங்காமல் உட்கார்ந்தால் படம் தயார்.

உட்காராதவைதான் உதவி செய்யும். பில்லியர்ட்ஸில் பந்தை மேசையின் ஓரத்தில் மோதவிட்டுத் திருப்பி அடிப்பதை ‘பேங்க் ஷாட்’ என்பார்கள். பண மரத்தில் வைத்தால் காரணம் எழுத வராது. மேசையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் ஓரத்தை நினைத்தால் முதல் மரத்தில், கரைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிடும். ‘ஸ்பிரிங் ஃபார்’ என்று அமெரிக்கப் பேச்சில் ஒரு வழக்கு உண்டு, மற்றவருக்கும் சேர்த்துத் தானே பணம் கொடுப்பது. துள்ளுவதிலிருந்து இங்கே எப்படி வந்தது என்று மனசுக்கு நிறைவாக ஒரு வரி எழுத முடியாவிட்டால் அம்பு போடாதீர்கள். அந்த அட்டையைத் தாளின் மூலையில் தனியாக வையுங்கள்.

மூலையில் ஐந்து அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஏதோ ஒரு வட்டம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஆறாவது படிக்குத் திரும்பிப் போய், மூலையில் இருப்பவற்றை மட்டும் ஒன்றோடு ஒன்று சோதித்துப் பாருங்கள். மற்ற குவியல்களைக் கலைக்க வேண்டாம்.